விழுகிற இடம்

எங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளி மைதானத்தின் வடகிழக்கு மூலையில், மதிலோரத்து வேம்புக்குப் பக்கத்தில், உயரம் பாய்தலுக்கான மணற்கிடங்கு இருந்தது. அறுபதுகளிலோ எழுபதுகளிலோ படித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: பதினைந்து அடி நீளம், பத்தடி அகலம், சுற்றிவரப் பனங்குற்றி. இரண்டடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்கு மேல் தோண்ட முடியாது. ஆகவே கிடங்குக்குள் ஒன்றரை அடி மணல், நிலமட்டத்துக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி குவியல்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன்னர் லொறியில் மணல் வந்து இறங்கும். கடற்கரை மணலென்றால் ஒரு மாரி மழையிலாவது நனைந்து உப்புக் கழுவுப்பட்டிருக்க வேண்டும். கழுவாத மணல் இரவுப் பனியை உறிஞ்சி, காலை வெயிலில் மேலே ஓடு கட்டும். அதன்மேல் குதிக்கால் விழுந்தால் சீமெந்தில் விழுந்த மாதிரி. இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு மரத்தூள் கலப்பார்கள். மரக்காலையில் அது சும்மா கிடைக்கும். தூள் குறைந்தால் மணல் இறுகும், கூடினால் முதல் மழையிலேயே மிதந்து போகும். எப்படியும் இரண்டு மாதத்தில் கறையான் வரும். ஐந்தாறு பாய்ச்சலுக்கு ஒருமுறை மண்வெட்டியால் கொத்திவிட வேண்டும். கொத்தாவிட்டால் எல்லோரும் விழுகிற அந்த நடுப்பகுதி மட்டும் குழியாகி இறுகிவிடும். தடியைத் தட்டியவரே கொத்த வேண்டும் என்பது மைதானத்தின் எழுதாத சட்டம். நன்றாகப் பாய்பவர்கள் மண்வெட்டி பிடித்ததே இல்லை!

குறுக்குத்தடி மூங்கில். நான்கு மீற்றர் நீளத்தில் நடுவே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தொய்யும். உயரத்தை அளப்பது தடியின் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் என்பது விதி. நிலைத்தூணில் கீறிய கோட்டைப் பார்த்து ‘ஐந்தடி ஆறங்குலம்’ என்று அறிவித்த பல பாய்ச்சல்கள் உண்மையில் ஐந்தடி ஐந்தாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பதிவேட்டை இன்றும் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதக் காரணம், எந்த முறையில் பாயலாம் என்பதைத் தீர்மானித்தது அந்தக் கிடங்குதான். மணலில் காலாலோ கையாலோதான் இறங்கலாம். கால்களைக் கத்தரிக்கோல் போல வீசிக் கடக்கிற கத்தரிப் பாய்ச்சலில் நின்றபடியே இறங்குவார்கள். உடலைப் பக்கவாட்டில் சாய்த்துக் கடக்கிற மேற்கத்திய உருளலில், உந்திய அதே காலிலும் இரு கைகளிலும் இறங்குவார்கள். வயிறு கீழே பார்க்கத் தடியைத் தழுவிக் கடக்கும் முறையில் கையும் காலும் முதலில் மணலைத் தொட்டு, பிறகு தோள் உருளும். அந்த முறையிலேயே மணிக்கட்டுச் சுளுக்கு வழக்கமான காயம்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நா. எதிர்வீரசிங்கம் இந்தக் காலத்தவர். 1934இல் பெரியவிளானில் பிறந்தவர். பதினெட்டு வயது நிரம்பு முன்னரே, 1952இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தார். 1956இல் மெல்பேர்ணிலும் பாய்ந்தார். 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அதுவே. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. 2.03 மீற்றர் என்பது ஆறடி எட்டு அங்குலம், நம் வீட்டு வாசல் நிலைகளில் பலவற்றை விட உயரம். தாண்டுவது பாதி வேலைதான். தாண்டிய பிறகு அந்த உயரத்திலிருந்து மணலில் வந்து விழவும் வேண்டும். பயிற்சிக்கு ஒரு மாலையில் இருபது தடவை பாய்ந்தால், இருபது தடவை.

1968இல் மெக்சிக்கோவில் டிக் ஃபொஸ்பரி முதுகு கீழே பார்க்கப் பாய்ந்து 2.24 மீற்றரில் தங்கம் வென்றார். சில ஆண்டுகளில் உலகமே அந்த முறைக்கு மாறியது. நம் பள்ளிக்கூடங்கள் மாறவில்லை. அதைப் பழமைவாதம் என்று எழுதியவர்கள் உண்டு. காரணம் மிக எளிது: முதுகாலும் பிடரியாலும் மணலில் விழ முடியாது. நுரைமெத்தை இல்லாத பள்ளியில் அந்த முறையைக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர் பிள்ளையின் கழுத்தோடு விளையாடுகிறார். ஆகவே எழுபதுகளின் முடிவிலும் கத்தரிப் பாய்ச்சலே நடந்தது. வெளி மாவட்டத்துப் பிள்ளை மெத்தையில் பழகி வந்து நிற்க, நம் பிள்ளை மணலில் பழகியதோடு போய் நிற்பான். கால்பலம் ஒன்றாக இருந்தாலும், இடுப்பைத் தடிக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுபோகலாம் என்பதில் முறைக்கு முறை வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைப் பத்திரிகைகள் ‘பயிற்சிக் குறைவு’ என்று எழுதின.

கோலூன்றிப் பாய்தலில் இதே கதை இன்னும் கடுமையானது.

1942இல் அமெரிக்கரான கொர்னேலியஸ் வொர்மர்டாம் மூங்கில் கோலால் 4.77 மீற்றர் பாய்ந்தார். மூங்கில் பெரிதாக வளையாது. பிறகு உருக்கும் அலுமினியமும் வந்தன, அவையும் அப்படித்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் கண்ணாடிநார்க் கோல் வந்ததும் ஆட்டமே மாறியது. ஓடிவருகிற வேகத்தை வளைவில் வாங்கி வைத்து, நிமிரும்போது திருப்பித் தரும் கோல் அது. உயரம் கூடக் கூட, விழுகிற உயரமும் கூடியது. 3.55 மீற்றர் தாண்டுகிற ஒரு பெண், 80 சென்ரிமீற்றர் தடிப்பான மெத்தையில் விழுவதென்றால் 2.75 மீற்றர் விழுகிறாள். மெத்தையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீற்றர். நல்ல மெத்தை அவளை அரை மீற்றர் அமிழவிட்டு நிறுத்தும். உடல் தாங்குவது தன் எடையைப் போல ஆறரை மடங்கு. பத்துச் சென்ரிமீற்றரில் நிறுத்துகிற மணலென்றால் இருபத்தெட்டரை மடங்கு. நம் மைதானங்களில் மணற்கிடங்கை வைத்துக்கொண்டு அதிகம் உயரப் போகப் பலர் துணியாததற்கு இந்தக் கணக்கே காரணம். மெத்தைக்காகத் தும்பையும் வைக்கோலையும் சாக்கில் அடைத்துப் பார்த்தவர்கள் உண்டு. வைக்கோல் நான்கு நாளில் அமுங்கும், தும்பு நனைந்தால் கல்லாகும். மீன்வலையில் நுரைத்துண்டுகளைத் திணித்துக் கட்டினால் ஓரளவு தாங்கும். ஆனால் இரண்டு மூட்டைகளுக்கிடையே விழுகிற இடைவெளி கணுக்காலைத் தேடிப் பிடிக்கும்.

1990இல் போரால் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. மைதானங்களும் இராணுவ வேலிக்கு அப்பால் போயின. மண்ணெண்ணெயும் பற்றரியும் எண்ணி வந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் கண்ணாடிநார்க் கோலைப் பற்றி யார் பேசுவது? அப்படிக் கிடந்த தெல்லிப்பழையிலிருந்து, மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் 2017இல் 3.55 மீற்றர் பாய்ந்து தேசிய சாதனை படைத்தார். சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் அ. புவிதரனும் இதே துறையில் பாடசாலை மட்டத்திலிருந்து தேசிய மட்டத்துக்குப் போனவர். ‘வறுமையை வென்ற வீராங்கனை’ என்று தலைப்புப் போடுவது சுலபம். அந்தத் தலைப்பால் கோல் நீளாது. அவர்கள் உண்மையில் எதைச் சமாளித்தார்கள் என்பதை, உதவி செய்ய நினைக்கிற நம் பழைய மாணவர் சங்கத்தவர்கள் விளங்கிக்கொள்வது நல்லது.

முதலில் கோல். ஒவ்வொரு கோலிலும் இரண்டு எண்கள் இருக்கும்: நீளம், தாங்கும் எடை. ஐம்பது கிலோ எடையுள்ள பிள்ளை ஐம்பது கிலோவுக்குக் குறைந்த கோலைப் பிடிக்கக் கூடாது. அளவுக்கு மேல் வளைந்து முறியலாம். சில கோல்களில் மூன்றாவதாக ஓர் எண்ணும் இருக்கும். நடுவில் 50 இறாத்தல் தொங்கவிட்டால் எத்தனை சென்ரிமீற்றர் வளைகிறது என்பதே அது. எண் சிறிதானால் கோல் விறைப்பு. பழகுகிற பிள்ளை 3.05 மீற்றர் கோலில் தொடங்கி 3.35, 3.65 என்று போவாள். ஒவ்வொரு நீளத்திலும் எடை கூடிய அடுத்த கோல் வேண்டும், ஏனென்றால் வேகம் கூடியதும் பழைய கோல் அளவுக்கு மேல் வளையும். ஆறு மாதத்தில் ஒரு கோலைக் கடந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. ஒரே கோல்தான் என்றால் என்ன நடக்கும்? பிடியைக் கீழே இறக்கினால் கோல் விறைக்கும், மேலே ஏற்றினால் இலகுவாக வளையும். இப்படி ஒரே கோலை ஐந்து கோலாக மாற்றிப் பிடித்துத்தான் நம் பிள்ளைகள் காலத்தை ஓட்டினார்கள். அது கெட்டித்தனம்தான், ஆனால் பிடியை இறக்கிய ஒவ்வொரு அங்குலமும் உயரத்தில் போன அங்குலம்.

கணக்கு இதுதான். கோலை ஊன்றுகிற பெட்டி நிலத்துக்குக் கீழே 20 சென்ரிமீற்றர் ஆழம். 3.60 மீற்றரில் பிடித்தால் நிலத்திலிருந்து கை 3.40இல். 3.55 தாண்ட, கைக்கு மேலே 15 சென்ரிமீற்றர் தள்ளி எழும்ப வேண்டும். பிடியை 3.30க்கு இறக்கினால் அதே தடிக்கு 45 சென்ரிமீற்றர்.

பழக்குவது மெதுவான வேலை. முதல் மாதம் மணற்கிடங்கில்தான்: இரண்டு எட்டு நடை, கோலை ஊன்றல், தொங்கிக் கடத்தல். வலக்கைக்காரருக்கு உந்துவது இடக்கால். மேற்கைக்கு நேர் கீழே அந்தப் பாதம் விழ வேண்டும். ஓடுபாதையில் இடக்கால் விழுகிற தடவைகளை மட்டுமே எண்ணுவார்கள். தொடக்கத்தில் மூன்று, நான்கு, தேறியபின் ஏழு, எட்டு. பாதம் பெட்டிக்குக் கிட்டப் போய்விட்டால் கோல் தோளைப் பின்னுக்கு இழுக்கும், முதுகு முறுகும். எத்தனை அங்குலம் கிட்டப் போனதோ அத்தனை அங்குலம் தொடக்கக் குறியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். ஆனால் கடைசி எட்டுகளை நீட்டியதால் அப்படி நேர்ந்தால், குறியை நகர்த்துவது பிழையை ஒளித்து வைக்கும். நல்ல பயிற்றுநர் பெட்டியைப் பார்ப்பதை விட, கடைசி ஆறு எட்டைத்தான் பார்ப்பார்.

மிகப் பயங்கரமானது கோல் நிமிராமல் நடுவில் நிற்பது. பிடி அளவுக்கு மேல் உயரம், அல்லது கோல் அளவுக்கு மேல் விறைப்பு, அல்லது ஓட்டத்தில் பயம். பிள்ளை மெத்தைக்குப் போகாமல் பெட்டிக்கே திரும்பி விழுவாள். அதனால்தான் பெட்டியைச் சுற்றித் திண்டு வைப்பது. அந்தத் திண்டு இல்லாமல் மெத்தை மட்டும் வாங்கிய இடங்களைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்று காற்று. வலய, மாவட்டப் போட்டிகளின் பருவத்தில் சோளகம் அடிக்கும், தென்மேற்கிலிருந்து. ஓடுபாதையைத் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி அமைத்தால் காற்று முதுகில் தள்ளும், மாலை வெயிலும் கண்ணில் படாது. பெட்டியைச் சீமெந்தில் பதித்தபின் திருப்ப முடியாது. மதிலுக்கு வசதி, பார்வையாளர் கொட்டகைக்கு வசதி என்று எதிர்ப்பக்கம் பதித்துவிட்டால், பிள்ளைகள் ஆண்டாண்டாக எதிர்க்காற்றில் ஓடுவார்கள்.

கோலைக் கொழும்புக்குக் கொண்டுபோவதே ஒரு போட்டி. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பும்வரை வான் கூரையும் பஸ் கூரையும்தான். இரண்டு இடத்தில் மட்டும் கட்டினால் முனைகள் பள்ளம் திட்டியில் துள்ளி, கட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். மூன்று இடத்தில், கீழே துணி வைத்துக் கட்ட வேண்டும். போட்டிக்கு முதல்நாள் கோல் முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். ஆணிச் சப்பாத்துக் கீறலும், கல்லில் விழுந்த தழும்பும், நகத்தில் தட்டுப்படுகிற எதுவும் முறிகிற இடம்.

சங்கம் இந்த ஆண்டு எதையாவது அனுப்புவதானால், கிண்ணங்களும் சீருடைகளும் போதுமான அளவு போயிருக்கின்றன. மெத்தை குறைந்தது ஐந்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், 80 சென்ரிமீற்றர் தடிப்பு. பெட்டியின் இரு புறமும் வருகிற முன்துண்டுகள் இதில் சேராது. துண்டுகளை ஒன்றாகப் பிணைக்கிற மேலுறை கட்டாயம். கீழே பலகைத் தட்டுகள் வைத்துக் காற்றோட விட வேண்டும், இல்லாவிட்டால் மாரியில் நுரை தண்ணீரைக் குடித்துவிடும். வெறும் தறப்பாள் மூடினால் உள்ளே எலி குடியேறும், வெயிலில் விட்டால் இரண்டு வருடத்தில் நுரை உதிரும். ஆகவே சில்லுப் பூட்டித் தள்ளக்கூடிய தகரக் கூரையொன்றுக்கும் காசு ஒதுக்குங்கள். மெத்தை வாங்குகிறவர்கள் எப்போதும் மறப்பது அதுதான். கோல் ஒன்றல்ல, ஐந்து: எந்த ஐந்து என்பதைப் பயிற்றுநரிடம் பிள்ளைகளின் எடையைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். இருபதடிக் கொள்கலனின் உட்பக்கம் 5.9 மீற்றர், கோல் தாராளமாகக் கிடக்கும். தடித்த பிளாஸ்ரிக் குழாய்க்குள் வைத்து அனுப்ப வேண்டும்.

அன்பளித்தவர் பெயர் பொறித்த தகட்டைக் கோலில் திருகாணியால் பூட்ட வேண்டாம். துளையிட்ட இடத்தில் கோல் முறியும். பெயரைக் குழாயில் எழுதலாம், இடம் நிறைய உண்டு.