தரவு வருவதற்கு முன்பே முடிந்துபோன வாசிப்பு

எங்கள் சேமிப்புச் சர்வர்களில் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை அவ்வப்போது மெட்டாடேட்டாவின் (கோப்புகளைப் பற்றிய குறிப்புத் தரவின்) சிஆர்சி, அதாவது பழுதைக் காட்டும் சரிபார்ப்பு எண், பொருந்தவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். அதே இடத்தை மறுபடி படித்தால் தரவு பழுதின்றி இருக்கும். சேமிப்புக் கார்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பிரிவுடன் மல்லுக்கட்டியதில்தான் பெரும்பகுதிக் காலம் வீணாயிற்று. கேபிளை மாற்றச் சொன்னார்கள், பிறகு கார்டையே மாற்றச் சொன்னார்கள். கார்டைச் சர்வருடன் இணைக்கும் பிசிஐஇ இணைப்பு தன் பாக்கெட்டுகளைத் தானே சிஆர்சி கொண்டு சரிபார்த்து, கெட்டதை மறுபடி அனுப்பும் என்பதை நாங்கள் சுட்டிக்காட்டியபோது பதிலே வரவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவைப் பாருங்கள்: எங்களிடம் ஒவ்வொரு பிழைக்கும் சற்று முன்பு, ஒரு கட்டளை காலக்கெடுவைத் தாண்டியதைச் சொல்லும் டைம்அவுட் வரி இருந்தது.

அடுத்து ஏமாற்றியது கெர்னலின் நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவியான கேசான். விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் அது காட்டிக்கொடுக்கும் என்று நம்பி நாள்கணக்கில் சோதனை ஓட்டினோம். ஒரு முனகலும் இல்லை. காரணம் எளியது. கெர்னலில் வட்டு வாசிப்பு, எழுத்துகளைக் கையாளும் பிளாக்-எம்க்யூ அடுக்கு ரெக்வெஸ்டுகளை (ஒவ்வொரு வாசிப்பு அல்லது எழுத்துக்கான பதிவுகளை) முன்கூட்டியே ஒதுக்கி வைத்து, டேக் எனும் அடையாள எண்ணின்படி திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. நினைவகம் விடுவிக்கப்படுவதே இல்லை, அதன் உரிமையாளர் மட்டும் மாறுகிறார்.

லினக்ஸ் 5.8 முதல் கெர்னலிலேயே இருக்கும் கேசிசான் (ஒரே தரவை இரு பகுதிகள் ஒருங்கே தொடுவதைக் கண்டறியும் கருவி), கார்டு டிரைவரின் "ஓடிக்கொண்டிருக்கிறது" என்ற கொடியை இன்டரப்ட் ஹேண்ட்லரும் (சாதனத்தின் பதிலைப் பெறும் பகுதி) பிழை கையாளும் வொர்க்கும் (பிறகு ஓடும்படி ஒத்திவைத்த வேலை) பூட்டின்றித் தொடுவதைச் சொல்லிவிட்டது. இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த இடங்களில் ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் என்ற குறிகளைப் போட்டால் அறிக்கை மறையும், ரேஸ் (யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழை) மறையாது. எங்களுக்கு வந்த முதல் திருத்தப் பரிந்துரையே அப்படிப்பட்டதுதான்.

நடந்தது இதுதான். வழக்கமான 30 விநாடி கடந்ததும் டைம்அவுட் ஹேண்ட்லர், கட்டளையை ரத்து செய்யும் வேலையை ஒரு வொர்க்கில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது; அது திரும்பும் வரைதான் பிளாக் அடுக்கு அந்த ரெக்வெஸ்டைப் பிடித்து வைத்திருக்கும். வொர்க் ஓடத் தொடங்குவதற்குள் சாதனத்திலிருந்து தாமதமான பதில் வந்து ரெக்வெஸ்ட் முடிந்து, அதே டேக்கில் வேறொரு வாசிப்பு ஏறிவிடுகிறது. வொர்க் கொடியைப் பார்க்கிறது, உயர்ந்தே இருக்கிறது, புதிய வாசிப்பை முடித்துவைக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் கையில் கிடைப்பது பஃபரில் முன்பே கிடந்த குப்பை.

இதை வேண்டும்போது வரவழைக்க, கெர்னல் அமைப்புகளை மாற்ற உதவும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தச் சாதனத்தின் ஐஓ_டைம்அவுட் மதிப்பை 30000 மில்லி விநாடியிலிருந்து 1000 ஆக்கி, வொர்க்கின் தொடக்கத்தில் எம்ஸ்லீப் மூலம் ஒரு செயற்கைத் தாமதம் செருகி, எஃப்ஐஓ எனும் வட்டுச் சோதனைக் கருவியை சிஆர்சி சரிபார்ப்புடன் ஓட்டினோம். மாதக்கணக்கில் காத்திருந்து பிடிக்க வேண்டிய திருடன் ஒரு தேநீர் இடைவேளைக்குள் அகப்பட்டான்! இன்டரப்ட் ஹேண்ட்லரில் கெர்னல் பதிவில் எழுதும் பிரிண்ட்கே போடாதீர்கள், அதன் தாமதமே பிழையை ஒளித்துவிடும், அதைவிட வேகமான டிரேஸ்_பிரிண்ட்கே போதும்.

கொடியை அணுச்செயலால் (இடையில் யாரும் புகமுடியாத ஒரே படியில்) மாற்றுவது மட்டும் போதாது, ஏனெனில் புதிய ரெக்வெஸ்ட் அதை மறுபடி ஏற்றிவிடும். ஆகவே டைம்அவுட் ஹேண்ட்லரே, திரும்புவதற்கு முன், நிலையை "ஓடுகிறது" என்பதிலிருந்து "ரத்தாகிறது" என்பதற்கு சிஎம்பிஎக்ஸ்சிஹெச்ஜி (பழைய மதிப்பு அப்படியே இருந்தால் மட்டும் மாற்றும் அணுச்செயல்) மூலம் மாற்றி உரிமை கோருகிறது. தோற்றால் பதில் வந்துவிட்டது என்று பொருள். வென்றால், பிந்தி வரும் இன்டரப்ட் அந்த ரெக்வெஸ்டைத் தொடாது. சாதனம் ரத்தை உறுதிசெய்த பிறகு வொர்க் மட்டுமே அதை முடிக்கும், அதுவரை டேக் வெளியே போகாது. வட்டுகளுக்கான கெர்னலின் ஸ்கஸி அடுக்கும் தன் டைம்அவுட்டையும் நிறைவையும் ஒரு பிட்டால் இதே போன்று பிரித்து வைத்திருப்பதைக் காட்டியதும் மதிப்பாய்வில் எதிர்ப்பு அடங்கியது.

பேட்ச் அனுப்புவதில் சிக்கல் இல்லை. ஆனால் பழைய ஸ்டேபிள் கிளையில் (திருத்தங்கள் மட்டும் ஏறும் பழைய கெர்னல் பதிப்பில்) அந்த ஃபங்ஷனின் அமைப்பே வேறாக இருந்ததால் பேட்ச் ஒட்டவில்லை. அதற்கெனத் தனியே எழுத வேண்டியிருந்தது. புதிய கெர்னல் ஏறாத சர்வர்களில் ஐஓ_டைம்அவுட் மதிப்பை உயர்த்தி வைத்திருக்கிறோம். மறுதொடக்கத்தில் அது பழைய மதிப்புக்கே திரும்பிவிடும் என்பதால் சாதனம் தென்படும்போதெல்லாம் தானே ஓடும் யுடெவ் விதியாக எழுதிவிடுங்கள்.