ஒன்பதே காலுக்கு வரும் பட்டியல்

தென்கிழக்கு லண்டனில் ஒரு செகண்டரி பள்ளியில் வருகைப் பதிவு பார்ப்பது என் வேலை. காலை ஒன்பதே காலுக்குக் கணினியில் பட்டியல் வந்துவிடும். வந்த பிள்ளைக்கு ஒரு சாய்கோடு, தாமதமாக வந்தால் 'எல்', ஏன் வரவில்லை என்றே தெரியாவிட்டால் 'என்'. அந்த 'என்' ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்து வேறு எழுத்தாக மாற்றியாக வேண்டும். பாதி நாள் போனில்தான் போகும்.

பள்ளியின் பழைய கட்டடம் விக்டோரியா காலத்தது. 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு லண்டன் பள்ளி வாரியம் ஊரெங்கும் எழுப்பிய மூன்றடுக்குச் செங்கல் கட்டடங்களில் ஒன்று. வாரியத்தின் கட்டடக் கலைஞர் ஈ. ஆர். ராப்சன் கொண்டுவந்த பாணி அது: உயர உயரமான ஜன்னல்கள், பையன்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். 'பாய்ஸ்' என்று கல்லில் செதுக்கிய வாசல் வழியாகத்தான் இப்போது பெண்பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். படிக்கட்டில் சுவரோரம் கல் தேய்ந்து குழிந்திருக்கிறது. மழைநாளில் அதில் தண்ணீர் தேங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வரலாற்று ஆசிரியை, அந்தக் காலத் தலைமையாசிரியரின் குறிப்பேட்டிலிருந்து சில பக்கங்களை நகலெடுத்து வந்தார். கல்வியைப் பற்றி ஏதாவது பெரிதாக எழுதியிருப்பார் என்று நினைத்தேன். பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் என் வேலை! மழை, வருகை குறைவு. தட்டம்மை, வருகை குறைவு. செப்டம்பரில் வகுப்பே காலி. பிள்ளைகள் கென்ட்டில் ஹாப் பறிக்கப் போய்விட்டார்கள். பீருக்குக் கசப்பு தரும் ஹாப் பூவைப் பறிக்க லண்டனின் ஏழைக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு கிளம்பி, வாரக்கணக்கில் தோட்டத்திலேயே தங்கிவிடும். கூலியும் கிடைக்கும், லண்டன் புகையிலிருந்து தப்பித்த மாதிரியும் இருக்கும். அவர்களுக்கு வேறு விடுமுறை ஏது?

1880இல் ஐந்து முதல் பத்து வயது வரை பள்ளிக்கு வருவது நாடு முழுக்கக் கட்டாயமானது. வாராவாரம் தரவேண்டிய பென்னிக் கட்டணமோ பெரும்பாலான பள்ளிகளில் 1891இல்தான் ஒழிந்தது. காசையும் கேட்டு, வராவிட்டால் வீட்டுக்கு ஆளும் அனுப்பினார்கள். கதவைத் தட்டிய அந்த வாரிய ஆள் எனக்குப் பாட்டனார் முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பெயர்ப்பலகைகள் மாறின. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பதினொரு வயதுத் தேர்வில் தேறாதவர்கள் வந்து சேரும் செகண்டரி மாடர்ன். பிறகு எல்லோருக்குமான காம்ப்ரிஹென்சிவ். இப்போது, உள்ளூராட்சியின் கீழ் இல்லாமல் அரசு நிதியில் நடக்கும் அகாடமி. பள்ளியை விடும் வயதை 1947இல் 15 ஆகவும் 1972இல் 16 ஆகவும் உயர்த்தினார்கள். அந்த ஓராண்டுக் கூட்டத்துக்காக அவசரமாகப் போட்ட தட்டைக்கூரைக் கட்டடம் இன்னும் ஒழுகிக்கொண்டே நிற்கிறது. விக்டோரியா கூரை ஒழுகுவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். ஒரு பையனுக்கு 'என்' வந்திருந்தது. அம்மாவுக்கு போன் போட்டு, மகன் வரவில்லை என்றேன். இரவுப் பணி முடித்துப் படுத்திருந்தவர், வீட்டுச் செருப்போடு ஓடி வந்துவிட்டார். பையன் மூன்றாவது மாடி ஓவிய வகுப்பில் உட்கார்ந்து ஆப்பிள் வரைந்துகொண்டிருந்தான். மாற்று ஆசிரியர் பெயர் குறிக்க மறந்திருந்தார். அதிலிருந்து, சந்தேகம் வந்தால் முதலில் படியேறிப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுப்பேன்.

போன ஜூலையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வந்தார். இரண்டு பிள்ளைகள். ஆண்டின் கடைசி வாரத்தை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் பறக்க வேண்டும். ஐந்து நாள் என்றால் பத்து அரைநாள். அனுமதியில்லாமல் பிள்ளை வராவிட்டால் பெற்றோர் கட்டும் அபராதத்துக்கான கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. 2024 ஆகஸ்ட் முதல் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர், மொத்தம் 320 என்று தாளில் போட்டுக் காட்டினேன்.

அவர் தன் போனில் டிக்கெட் விலையைக் காட்டினார். "பள்ளிக்கூடம் விட்ட பிறகு எடுத்தால் இதைவிடக் கனக்க வரும் அக்கா. நீங்களே சொல்லுங்கோ."

கணக்கு அவர் பக்கம்தான் சரி. போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அனுமதியில்லாத விடுமுறைக்கு உரிய எழுத்து 'ஜி'. இரண்டு பெயருக்கும் ஐந்து நாளுக்கு அதைப் போட்டுவிட்டு, அம்மம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன்.