வெளியே தெரியாத ரத்தம்

இரு சக்கர வாகன விபத்தில் அடிபட்ட இருவர் ஒரே 108 வண்டியில் வந்து இறங்கும்போது, நெற்றி கிழிந்து சட்டையெல்லாம் ரத்தமாக அலறுபவரைச் சுற்றித்தான் எல்லோரும் கூடுகிறார்கள். அவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்பதை அந்த அலறலே சொல்லிவிடுகிறது. நான் முதலில் போவது, பக்கத்து ஸ்ட்ரெச்சரில் முகம் வெளிறி, தண்ணீர் கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் படுத்திருப்பவரிடம்தான்.

அவருடைய கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் ‘பிபி 110, ஸ்டேபிள்’ என்று எழுதியிருக்கும். அவசரப் பிரிவில் இதைவிட ஆபத்தான வாசகத்தை நான் பார்த்ததில்லை. இளம் வயதினரின் ரத்தக்குழாய்கள் இறுகிச் சமாளித்துக்கொள்வதால், மொத்தமுள்ள சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லிட்டர் வரை போன பிறகும் பிபியின் மேல் அளவு இறங்காமல் நிற்கக்கூடும். அதற்குள் நாடி 100ஐத் தாண்டியிருக்கும், விரல்கள் சில்லிட்டிருக்கும், நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்கும் முதியவரிடம் அந்த நாடியும் ஏறாது என்பதால் அங்கே கூடுதல் சந்தேகம் தேவை.

தரையில் சிந்தாத ரத்தம் மார்பு, வயிறு, இடுப்புக்கூடு, தொடை ஆகிய நான்கு இடங்களில்தான் பெருமளவில் தேங்கும். உடைந்த தொடை எலும்பு ஒன்றே ஒரு லிட்டருக்கு மேல் உள்வாங்கிவிடும். வயிற்றுக்குள் கசிவு உண்டா என்பதைப் படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்ட் சில நிமிடங்களில் காட்டிவிடும். இடுப்பெலும்பு முறிவு என்று சந்தேகித்தால், அதற்கான பெல்ட் இல்லாத இடத்தில் கட்டில் விரிப்பே போதும். ஆனால் பலரும் அதை அரைஞாண் கயிறு கட்டும் உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். தொடையின் பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் எலும்பு மேட்டின் மட்டத்தில், முழங்கால்களைச் சேர்த்து வைத்து இறுக்கினால்தான் பிளந்த இடுப்புக்கூடு மூடும். நிலையாக இருக்கிறதா என்று ஆளாளுக்கு இடுப்பை அழுத்திப் பார்ப்பது, உறையத் தொடங்கிய ரத்தத்தைக் கலைத்துவிடும்.

சலைனை லிட்டர் லிட்டராக ஏற்றுவதும் நல்லதல்ல, ஏனெனில் அது உறையும் தன்மையை நீர்க்கச் செய்து உடலையும் குளிர்விக்கிறது. சீக்கிரம் ரத்தமே ஏற்ற வேண்டும், நனைந்த துணியை வெட்டியெடுத்துப் போர்த்த வேண்டும். இவற்றோடு, ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராமைப் பத்து நிமிடத்தில் செலுத்த வேண்டும். 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, அந்த மருந்து உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. அடிபட்டு மூன்று மணி நேரம் கடந்தபின் கொடுத்தால் அது தீங்காகவும் முடியலாம் என்பது அதன் தொடர்ச்சியில் தெரிந்தது.

அந்த மூன்று மணி நேரம் விபத்து நடந்த நொடியிலிருந்து எண்ணப்படுவது, ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அல்ல. உதவிக்குக் கூட வந்து, நேரத்தைச் சொல்லக்கூடியவரோ, போலீஸ் விசாரிக்கும் என்று பயந்து வாசலோடு திரும்பிவிடுகிறார். 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவியவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு அடிபட்டது என்பதை மட்டும் டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.