ஆவணியில் சின்னக் குளத்துத் தூண்டில்

தம்பலகாமம் பக்கம் நான் போகும் சின்னக் குளத்தில் தண்ணீர் இப்போது பாதிக்கும் கீழே. சிறுபோக வயல்கள் குடித்தது போக மிச்சம்தான் கிடக்கிறது. கந்தளாய்க் குளம் என்றால் மீன் எங்கே நிற்கிறது என்று தேடவே பொழுது போய்விடும். இங்கே அந்தக் கவலை இல்லை. குளம் வற்ற வற்ற மீனெல்லாம் துருசடி, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகடி, ஆழத்துக்கு ஒதுங்கி வருகிறது. மழை தொடங்கும் வரை, ஆவணியும் புரட்டாதியும் தூண்டில்காரருக்கு நல்ல காலம்.

விடியலில் போய்ப் பயனில்லை. இரவு முழுக்கப் பாசியும் தண்ணீருக்குள் வளரும் கொடிகளும் தண்ணீரில் உள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். வெயில் வந்தால்தான் திருப்பிக் கொடுக்கும். ஆழமில்லாத குளத்தில் இது நன்றாகவே தெரியும். திலாப்பியா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், இரையைத் தொடாது. துருசடியில் வலை காயப்போடும் ஐயா முதல் நாளே சொன்னார்: "தம்பி, வெயில் ஏறட்டும், பொறுங்கோ." எட்டு மணிக்குப் பிறகு கடி தொடங்கியது.

தங்கூசி நூல் மெல்லியது, முள் சின்னது, மிதவைக்கு மயிலிறகுக் காம்பு. பாணின் நடுச்சதையைக் கொஞ்சம் நனைத்துப் பிசைந்து, பயறளவு உருட்டி முள் முனையை மூடினால் போதும். திலாப்பியா கடிக்கும்போது காம்பு உடனே அமிழாது. இரண்டு தரம் சிலிர்க்கும், சரிந்து படுக்கும், அப்புறம்தான் பக்கவாட்டில் நழுவும். அந்த நழுவலில் இழுக்க வேண்டும். மண்புழு போட்டால் கெளுத்திதான் முந்திக்கொள்கிறது. அதைக் கழற்றும்போது கவனம், செட்டை முள் ஏறினால் அன்றைய தூண்டில் அத்தோடு சரி.

நான் இடம் பார்ப்பது கரைச் சேற்றைப் பார்த்து. தண்ணீர் இறங்கிய இடத்தில் சோற்றுத் தட்டு அளவில் வட்ட வட்டப் பள்ளங்கள் தெரியும். எல்லாம் ஆண் திலாப்பியா தோண்டிய கூடுகள். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொண்டு விலகிவிடும். ஆண் அங்கேயே காவல் நிற்கும். முழங்காலளவு தண்ணீரில் இன்னும் மூழ்கிக் கிடக்கும் பள்ளங்களுக்கு மேலே இரையை விட்டால், பசியில்லாவிட்டாலும் வந்து முட்டுகிறது. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் இது. இன்று நம் குளங்களில் இதுதான் பெரிய வீட்டுக்காரன்.

மத்தியானம் கச்சான் காற்று எழும்பினால் தண்ணீர் கலங்கும். அப்போது காற்று மோதும் கரைக்கு மாறுவேன். மிதக்கும் தீனியெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். ஆனால் குளம் சுருங்கினால் முதலையும் நெருங்கி நிற்கும் என்பதால், காலை நனைக்காமல் குளக்கட்டில் நின்றே வீசுவது.

விரால் இன்னும் கிடைக்கவில்லை. தாமரை இலைக்கு அடியில் துள்ளும் சத்தம் மட்டும் கேட்கிறது. மெல்லிய தங்கூசி கொடியில் சிக்கினால் அதோடு போச்சு. தடித்த தங்கூசியும் பெரிய முள்ளும் வாங்கி, சின்ன மீனை உயிரோடு கோத்துப் பார்க்கப் போகிறேன். அதையும் மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மழை விழுந்தால் விரால் செக்கச் செவேலென்ற குஞ்சுக் கூட்டத்தோடு மேலே வரும். அந்த நேரம் தாயைப் பிடித்தால் குஞ்சுகளைக் கெளுத்தி விட்டுவைக்காது.