ட்யூபைக் குலுக்கிக் கெட்ட கதை

ஐந்து நொடியில் ஒரு வார உழைப்பு போனது. எம்ஆர்என்ஏவை (செல்லுக்குப் புரதம் செய்யச் சொல்லும் மூலக்கூறு) வைத்து லிப்பிட் நானோ துகள், அதாவது அதைப் பொதிந்த நுண்ணிய கொழுப்புத் துகள், செய்து, எத்தனாலை வெளியேற்றும் டயாலிசிஸ் சவ்வுப் பையில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் துகளின் அளவைப் பார்த்தால் 82 நானோமீட்டர். அருமை! அப்புறம் பழக்கதோஷத்தில் ட்யூபை வோர்டெக்ஸில் (வேகமாகக் குலுக்கும் கருவி) ஒரு அழுத்து அழுத்தினேன், மேலே லேசாக நுரை கட்டியது, மறுபடி அளந்தால் 140ஐத் தாண்டிவிட்டது.

இந்தத் துகளை மென்மையாகக் கையாளவேண்டும் என்றதும் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான். ஆனால் ஆரம்பக் கலவையில் நிதானமே கூடாது. எத்தனாலில் கரைத்த நான்கு வகைக் கொழுப்பும், பிஎச் 4 அளவு அமிலக் கரைசலில் இருக்கும் எம்ஆர்என்ஏவும், ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் சில மில்லிநொடிக்குள் மோதிக் கலக்கவேண்டும். மெதுவாக ஊற்றினால் துகள் பெருத்துவிடும். மிச்சிகனின் கலமசூ ஆலையில் ஃபைசர்காரர்கள் கோவிட் தடுப்பூசிக்குப் பெரிய அண்டா வைக்காமல், நாணயம் அளவு மிக்சர்களையே வரிசையாகப் பெருக்கிக்கொண்டு போனது அதனால்தான்.

பக்குவம் பார்க்கவேண்டியது அதற்கு அப்புறம். கலந்த கையோடு கால்வாசி எத்தனால் உள்ளேயே இருக்கும், துகள் இளகிக் கிடக்கும். அமிலத்தன்மையைக் குறைத்து பிஎச்சை 7.4க்கு ஏற்ற ஏற்ற, அமிலத்தில் நேர்மின்சுமையோடு இருந்த லிப்பிட் அதை இழந்துவிடும். அதுவரை ஒன்றையொன்று தள்ளி நின்ற துகள்கள் ஒட்ட ஆரம்பிக்கும். மேலே போர்த்திய பெக் லிப்பிட்தான் (பெக் என்ற பாலிமர் ஒட்டிய கொழுப்பு) ஓரளவு தடுக்கிறது. என்னைப் போலச் சில மில்லி செய்பவருக்கு டயாலிசிஸ் பை போதும். லிட்டர் கணக்கில் என்றால் சவ்வு வடிகட்டியில் பம்பு வைத்துச் சுற்றவேண்டும், அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் துகள்கள் சவ்வின் மேல் நெருக்கியடித்துத் திரண்டுவிடும். உறைய வைக்கும்போதும் இதே தொல்லை, அதற்குத்தான் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், சேர்ப்பது.

சரி, குலுக்கினால் என்ன ஆகிறது? காற்றுக்குமிழி ஒவ்வொன்றும் ஒரு புதுப் பரப்பு. கொழுப்பு அங்கே போய்ப் படரும், துகள் குலையும், உள்ளிருக்கும் ஆர்என்ஏ வெளியே கசியும். கோவிட் காலத்து ஃபைசர் ஊதா மூடிக் குப்பியின் குறிப்பிலேயே இது இருந்தது: உருகியதும் 10 முறை மெல்லக் கவிழ்க்கவேண்டும், 1.8 மில்லி உப்புநீர் சேர்த்து மறுபடி 10 முறை, குலுக்கவே கூடாது. (நம் ஊரில் பெரும்பாலோர் போட்டது கோவிஷீல்டோ கோவாக்சினோதான், அதனால் அந்தக் குப்பியைப் பார்த்திருக்கமாட்டீர்கள்.)

இப்போது ட்யூபைக் கையில் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் கவிழ்க்கிறேன். பக்கத்து மேசைக்காரர் சிரிக்கிறார்.