பந்தி எழாத ஊர்

தென் ஸ்பெயினின் கிரனாதா நகரில் ஓராண்டு தங்கியிருந்தபோது, பசிக்கும் நேரத்தில் அங்கே சாப்பாடு கிடைக்காது என்பது முதல் வாரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பன்னிரண்டரை மணிக்கு உணவகத்தின் வாசலில் போய் நின்றால் அடுப்படியில் இன்னும் காய்தான் நறுக்கிக் கொண்டிருப்பார்கள். மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவோ ஒன்பதுக்கு மேல். இதில் கடிகாரத்துக்கும் பங்குண்டு. கிரீனிச்சுக்கு மேற்கே கிடக்கும் இந்த ஊர், 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு நேரத்தை ஒரு மணி முன்தள்ளியதிலிருந்து பெர்லினின் நேரத்தில் ஓடுகிறது; ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரைக்கும் சூரியன் முழுதாக மறைந்திருக்காது.

அந்த நீண்ட மாலைகளில் என்னைக் காப்பாற்றியவை, பானத்தோடு சிறு தட்டில் வரும் தாபாஸ் என்னும் தின்பண்டங்கள். ஸ்பெயினின் பல ஊர்களில் அவற்றுக்குத் தனியே காசு கொடுக்க வேண்டும். கிரனாதாவிலோ ஒரு பானம் வாங்கினால் சிறு தட்டு ஒன்று இலவசமாக வரும், அடுத்த பானத்துக்கு வேறொரு தட்டு வரும். மது அருந்தாத நான் மோஸ்தோ என்னும் திராட்சைச் சாற்றை வாங்கிக்கொண்டு, நவாஸ் தெருவில் தோழிகளோடு கடை கடையாக நின்றபடியே மூன்று சுற்றில் இரவு உணவை முடித்ததுண்டு.

ஆனால் இலவசத் தட்டில் என்ன வரும் என்பது பெரும்பாலும் கடைக்காரரின் விருப்பம். இறைச்சி வேண்டாம் என்று நான் சொன்ன ஒரு கடையில் மொச்சை போன்ற பச்சைப் பயற்றுடன் பன்றித் தொடைக்கறித் துண்டுகளும் வந்தன. கேட்டதற்கு, "இது இறைச்சி இல்லை, ஹமோன்" என்று பணியாளர் மிகுந்த கனிவோடு விளக்கினார். அதன்பிறகு கத்தரிக்காயைக் காசு கொடுத்தே கேட்டு வாங்கத் தொடங்கினேன். மெல்லிய வில்லைகளாக அரிந்து, மாவில் புரட்டி, ஆலிவ் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, சூடு ஆறுமுன் மேலே கருந்தேன் போன்ற பாகை இழை இழையாக ஊற்றுவார்கள். தேன் என்று பெயரிட்டாலும் அது கரும்புப் பாகுதான்; வாயில் வைத்ததும் அதிரசத்துக்குக் காய்ச்சும் வெல்லப்பாகின் வாசனை வந்தது. கரும்பைத் தென் ஸ்பெயினின் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரேபியர்கள். ஸ்பானிய மொழியின் 'அசூகர்' நம் சர்க்கரைக்கு உறவுச்சொல் என்று அறிந்த அன்று ஒரு தட்டு கூடுதலாகவே சாப்பிட்டேன்.

உணவகத்தில் நாம் கேட்காமல் பில் வராது. கேட்குமுன் நீட்டுவது வந்தவரை எழுந்து போகச் சொல்வதற்குச் சமம். சாப்பிட்டு முடித்தபின் மேசையிலேயே அமர்ந்து பேசும் நேரத்துக்கு அவர்கள் சோப்ரெமெசா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அடுத்த பந்திக்கு ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும் கல்யாண வீடுகளில் வளர்ந்த எனக்கு இது எளிதில் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் தங்கியிருந்த தோழியின் வீட்டில், எனக்காகவே கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) போட்டுச் செய்த சோற்றை உண்டு முடித்ததும் வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "எங்கே ஓடுகிறாய், மகளே? உட்கார்!" என்று அவளுடைய அம்மா என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டார்.

அப்போது மணி நான்கு. முலாம்பழம் வந்தது, காப்பி வந்தது, சூரியகாந்தி விதைகள் வந்தன. உருளைக்கிழங்கு முட்டை அடையான தோர்த்தியாவில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்ற வழக்கு ஆறு மணிக்குத் தொடங்கியது. அந்த நாட்டில் இது குடும்பங்களையே இரண்டாகப் பிரிக்கும் வழக்கு. ஏழு மணி வரை தீராமல், முடிவை வெளியூர்க்காரியான என்னிடம் விட்டார்கள். வெங்காயம் கட்டாயம் வேண்டும், கூடவே பச்சை மிளகாயும் வேண்டும் என்றேன். மேசை அமைதியானது. பாட்டி மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எத்தனை மிளகாய் என்று கேட்டார்.