எவோவின் பிரேக்: பெரிய கிட் வாங்காமல் செய்து பார்த்தது

பெடல் தரையை நோக்கி இறங்குகிறதா, இல்லை, பெடல் கல்லாக நின்றும் வண்டி நிற்க மறுக்கிறதா? பிரேக்கில் எதை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்தாக வேண்டும். பெடல் இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று பொருள். குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் சேர்ந்து, கால் கொடுக்கும் அழுத்தத்தை அவையே விழுங்கிவிடுகின்றன. பெடல் கெட்டியாக இருந்தும் வேகம் குறையவில்லை என்றால் ஆயில் மேல் பழி போட முடியாது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. என் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் டென்னுக்கு வந்தது முதல் நோய். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கில் சில சுற்றுகள் விரட்டியதும் பெடல் மெத்தென்று ஆகி, இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

சாதாரண லான்சர் நம் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவான கார். எவோ டென் அப்படியல்ல; 2010-ல் இங்கே விற்பனைக்கு வந்தபோது ஜப்பானிலிருந்து முழு வண்டியாகவே இறங்கியது. என்னிடம் இருப்பது பழைய வண்டியாக வாங்கியது. முன்னால் 350 மி.மீ. டிஸ்க், பேட்டை டிஸ்க் மேல் அழுத்தும் நான்கு பிஸ்டன் பிரெம்போ காலிப்பர். பின்னால் 330 மி.மீ. டிஸ்க், இரண்டு பிஸ்டன். நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "ஆறு பிஸ்டன் கிட் வாங்கிப் போடு." சிவப்பாக, பெரிதாக, சக்கரத்தின் இடுக்கில் எட்டிப் பார்க்கும் காலிப்பர் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் எனக்கு அது தேவையில்லை என்றே தோன்றியது.

வண்டியை நிறுத்துவது கடைசியில் டயர்தான். ஓங்கி மிதித்ததும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கிவிட்டால், டயர் தாங்குவதைவிடக் கூடுதலான பலம் பிரேக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் எத்தனை பிஸ்டன் வைத்தாலும் முதல் மிதியில் நிற்கும் தூரம் குறையப்போவதில்லை. பெரிய பிரேக் கொடுப்பது சூட்டைத் தாங்கும் சக்தியை. அந்தச் சூடு எவ்வளவு என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் பெட்ரோலும் சேர்த்து வண்டி 1,700 கிலோ என்று வைத்துக்கொண்டால், 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறக்கும்போது சுமார் 12.6 லட்சம் ஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். நான்கு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்க இது போதும். அதுவும் இரண்டரை வினாடிக்குள். ஏறக்குறைய 290 குதிரைத்திறன் கொண்ட என்ஜின் முழு மூச்சில் கொடுப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேலான வேலையை இந்த நான்கு டிஸ்க்குகளும் செய்கின்றன. அதிலும் பெரும்பங்கு முன்னிரண்டின் தலையில். 3.717 கி.மீ. சுற்றில் 12 வளைவுகள் இருக்கும் இடத்தில், ஆற அவகாசம் கிடைப்பதற்குள் அடுத்த மிதி வந்துவிடுகிறது.

ஆகவே, கிட் வாங்கும் பணத்தைத் தேய்ந்ததைப் புதுப்பிப்பதற்கும் சூட்டைச் சமாளிப்பதற்கும் செலவிடுவது என்று முடிவானது.

முன் காலிப்பரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் வண்டியின் வயது தெரிந்தது. பேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு பின்களையும் பஞ்ச் வைத்துத் தட்டினால் வெளியே வந்துவிடும். ஸ்பிரிங் தகட்டை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளாவிட்டால் முகத்துக்கே தெறிக்கும். பேட் ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் தேய்ந்து ஆப்பு வடிவில் இருந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள தூசுக் கவசம் கருகி, விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான்கில் ஒரு பிஸ்டன் உள்ளே தள்ளினாலும் அசையவில்லை.

இந்த இடத்தில் சீலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெடலை விட்டதும் பேட்டை டிஸ்க்கிலிருந்து பின்னிழுக்க, டிஸ்க் பிரேக்கில் தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது, பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் சதுர வெட்டுடைய ரப்பர் வளையமான இந்த சீல்தான். அழுத்தம் வந்ததும் பிஸ்டன் முன்னே போகிறது. அதைப் பற்றியிருக்கும் வளையமும் சற்றே முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் வளையம் தன் வடிவத்துக்குத் திரும்புகிறது, பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னால் இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். வருடக்கணக்கில் சூடேறிய ரப்பர் இறுகிவிட்டால் இந்த மயிரிழை கிடைப்பதில்லை. பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், நேர்ச்சாலையிலும் சூடு ஏறும், அந்தச் சூடு ரப்பரை இன்னும் இறுக்கும். என் ஆயில் கொதித்ததற்கு ட்ராக்கை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

பிஸ்டன்களை வெளியே எடுக்கக் காற்றழுத்தம் வேண்டும். நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு, ஹோஸ் மாட்டும் துளை வழியாக மெல்லக் காற்றைக் கொடுக்க வேண்டும். பிஸ்டன் துப்பாக்கி வேகத்தில் வரும் என்பதால் விரலை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. எந்தப் பிஸ்டன் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று மார்க்கரால் எழுதிவைத்தேன். பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழும். மூங்கில் குச்சியைச் சீவிப் பயன்படுத்தினேன். கழுவுவதற்குப் பெட்ரோலோ டீசலோ ஆகாது, அவை பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். புது சீலையும் பிஸ்டனையும் சுத்தமான பிரேக் ஆயிலில் நனைத்து, கட்டைவிரல்களால் நேராக அமுக்கினேன். சரியாக உட்கார்ந்தால் சின்ன எதிர்ப்போடு வழுக்கிக்கொண்டு இறங்கும். கோணலானால் நிற்கும், அப்போது பலத்தைக் காட்டக் கூடாது. காலிப்பரின் இரு பாதிகளைச் சேர்க்கும் பெரிய போல்ட்டுகளை நான் தொடவில்லை. அதைப் பிரிக்காமலே எல்லாம் முடியும்.

அடுத்தது டிஸ்க். புதிதில் 32 மி.மீ. தடிமன். விளிம்பில் தேயாத ஒரு வரம்பு நின்றுவிடுவதால், வெர்னியரை வெளியிலிருந்து மாட்டி அளந்தால் டிஸ்க் நல்ல தடிமனாக இருப்பதாகப் பொய் சொல்லும். மைக்ரோமீட்டரைப் பேட் உரசும் இடத்துக்குள் கொண்டுபோய், சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். என்னுடையது டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவை நெருங்கியிருந்தது. போதாததற்கு மேற்பரப்பெங்கும் மெல்லிய வெப்ப விரிசல்கள். உதவிக்கு வந்த மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "லேத்தில் போட்டுச் சீவிவிடலாம் சார், புதிதுபோல் ஆகிவிடும்" என்றார்.

"அண்ணே, சீவினால் இன்னும் மெலியும். சூட்டை வாங்கிவைத்துக்கொள்ள இரும்பே இருக்காதே."

அவர் விரிசல் ஒன்றின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் மாட்டியது. "அப்படியென்றால் காயலான் கடைக்குத்தான்" என்று சிரித்தார்.

புதிதாக வாங்கியது, நடுவில் மணி வடிவ அலுமினியத் துண்டும் சுற்றிலும் வார்ப்பிரும்பு வளையமும் கொண்ட இரண்டு துண்டு டிஸ்க். எடை குறைவு, சூட்டில் வளையம் தன்பாட்டுக்கு விரிய இடமுண்டு. துளை போட்ட டிஸ்க்கைத் திட்டமிட்டே ஒதுக்கினேன். பார்க்க அழகு, ஆனால் ட்ராக்கில் விரிசல் தொடங்குவது அந்தத் துளைகளின் ஓரத்தில்தான். இவற்றில் இடது, வலது என்று உண்டு. பலர் மேற்பரப்பில் உள்ள கோடுகளைப் பார்த்து மாட்டிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் வளைந்த காற்றறைகளை. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது அவை பின்பக்கம் சாய்ந்திருந்தால்தான் நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் படிந்திருந்த துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்த பிறகே டிஸ்க்கை ஏற்றினேன். அங்கே ஒரு துகள் சிக்கினாலும் விளிம்பில் ஆட்டம் தெரியும், நாளடைவில் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான நோய் இந்தத் துருதான் என்பது என் கருத்து.

பேட் ஃபெரோடோ டிஎஸ்2500. தெருவுக்கும் ட்ராக்குக்கும் நடுவில் நிற்கும் ரகம்; குளிர்ந்திருக்கும்போதும் பிடிக்கும் என்பதால் எடுத்தேன். முழுப் பந்தய பேட் சூடேறாமல் கடிக்காது, அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் சிக்னலுக்கு நிற்பது வீண் வீரம். முன்னும் பின்னும் ஒரே ரகம் போட்டேன், முன்பின் சமநிலை கெடக் கூடாது. பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962 முதல் இருக்கும் சென்னைப் பாடியிலிருந்து சற்றுத் தொலைவில்தான் என் வீடு. நாட்டுக்கே பிரேக் செய்து அனுப்பும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்து வரும் நான்கு ஜோடி பேட்டுக்காக சுங்கத் தீர்வை கட்டிக் காத்திருந்ததில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

ஆயில்தான் எல்லாவற்றிலும் மலிவான, எல்லாவற்றையும்விடப் பலன் கொடுத்த மாற்றம். பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, நீர் ஏறிய பிறகு 155. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. சென்னைக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? வெளியே வந்த பழைய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மோட்டூல் ஆர்பிஎஃப் 600 ஊற்றினேன், புதிதில் கொதிநிலை 312 டிகிரி. நான்கு பிஸ்டன் காலிப்பரில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு நிப்பிள்கள்; இரண்டிலும் காற்றெடுக்க வேண்டும். ரப்பர் ஹோஸ்களையும் எஃகு வலை போர்த்தியவையாக மாற்றினேன். பெடலில் பெரிய வித்தியாசம் வரும் என்று விளம்பரம் சொல்லும், வந்தது சிறிது. பழைய ஹோஸில் வெடிப்பு விழுந்திருந்ததே மாற்றியதற்குப் போதுமான காரணம்.

புதுப் பேட்டைப் பதப்படுத்தும் வேலையைப் பொதுச்சாலையில் செய்ய மனம் வரவில்லை. ட்ராக்கில் முதல் சுற்றுகளை அதற்கே ஒதுக்கினேன். வேகத்தை ஏற்றி, முழுவதும் நிற்காமல் இறக்கி, மறுபடியும் ஏற்றி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக மிதித்தேன். ஒரு கட்டத்தில் காரமான நெடி உள்ளே வந்தது. பிறகு பிரேக்கைத் தொடாமல் உருட்டி ஆறவைத்து, பிட்டில் நின்றபோதும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். சூடான பேட் டிஸ்க்கை அணைத்தபடி நின்றால் அங்கேயே தடம் பதிந்துவிடும்.

டிஸ்க்கின் விளிம்பில் மூன்று கோடுகளாக வெப்ப வர்ணம் தீட்டியிருந்தேன். பச்சை 430 டிகிரியில் வெளுக்கும், ஆரஞ்சு 560-ல் மஞ்சளாகும், சிவப்பு 610-ல் வெள்ளையாகும். முழு வேகத்தில் ஓட்டி வந்த பின் பச்சை சுத்தமாக வெளுத்திருந்தது. ஆரஞ்சு இடதுபக்கம் அப்படியே இருந்தது, வலதுபக்கம் மட்டும் ஓரத்தில் மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்தது. சிவப்பில் மாற்றமில்லை. பெடல் கடைசிச் சுற்றிலும் முதல் சுற்றின் உயரத்திலேயே நின்றது.

குறையும் இருக்கிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது முதல் சில மிதிகளுக்குப் பேட் கிறீச்சிடுகிறது, சக்கரமெல்லாம் கரித்தூள். இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். வலதுபக்க ஆரஞ்சுக் கோடுதான் உறுத்துகிறது. முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றுக் குழாய் இழுத்துப் பார்க்கப் போகிறேன். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினாலும் டயரில் உரசாத வழியைத் தேடி அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.